‘எல்லாத்துக்கும் ஆமான்னு சொல்லுங்க’

(கும்மிடிப்பூண்டியில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



அழைப்பிதழில் ‘காப்பீடும் நுகர்வோர் பாதுகாப்பும்’ என்று போட்டிருக்கிறார்கள். பெரிய தலைப்பு. எனக்கு அவ்வளவு பெரிய பாத்திரம் வேண்டாம். ஒரு மஞ்சள் பை போதும். கல்யாண வீட்டில் தாம்பூலம் போட்டுக் கொடுக்கும் பை. அதைத் தூக்கிக்கொண்டு கவரைப்பேட்டைப் பக்கத்திலிருந்து ஓர் அம்மா என்னிடம் வந்தார். உள்ளே ஐந்து உறைகள். “ஐயா, இதெல்லாம் நல்லதா கெட்டதான்னு பார்த்துச் சொல்லுங்க” என்றார். அரிசியில் கல் இருக்கிறதா என்று கேட்பது போன்ற குரல்.

அவருடைய கணவர் சிப்காட்டில் ஒரு ரோலிங் மில்லில் கான்ட்ராக்ட் தொழிலாளி. மாரடைப்பில் போய்விட்டார். பிஎஃப் பணம் கொஞ்சம் வந்தது. அதை ஃபிக்சட் டெபாசிட்டில் போட வங்கிக்குப் போனார். அங்கே டை கட்டிய ஒரு தம்பி நாற்காலி போட்டு உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, “இதுவும் ஃபிக்சட் மாதிரிதாம்மா, வட்டி கூட வரும்” என்று சொல்லிக் கையெழுத்து வாங்கினார். 50,000 ரூபாய். அடுத்த வருடம் அதே மாதம் இன்னொரு 50,000 கட்டச் சொல்லிக் கடிதம் வந்தபோதுதான், பத்து வருடம் கட்ட வேண்டிய ஆயுள் காப்பீட்டில் தான் சேர்ந்திருப்பது அவருக்குத் தெரிந்தது. கட்ட வழியில்லை. பாலிசி காலாவதியானது.

அவருடைய விண்ணப்பப் படிவத்தின் நகலைப் பிறகு வாங்கிப் பார்த்தேன். ஆங்கிலப் படிவம். தொழில்: வியாபாரம். கல்வி: பட்டதாரி. ஆண்டு வருமானம்: எட்டு லட்சம். எல்லாம் ஒரே நீல மையில், கோர்வையான ஆங்கிலக் கையெழுத்து. அடியில் மட்டும் தமிழில், வேறொரு பேனாவில், ஒவ்வொரு எழுத்தாக அழுத்தி எழுதிய ஒரு பெயர். கடைசி எழுத்துக்குக் கட்டத்தில் இடம் போதாமல் கோட்டைத் தாண்டி வெளியே நின்றது. அவர் ஐந்தாம் வகுப்போடு நின்றவர்.

அது முதல் உறை. மற்ற நான்கும் போனில் வந்தவை.

காலாவதியாகிச் சில மாதம் கழித்து ஓர் அழைப்பு. நல்ல தமிழ், மரியாதையான குரல். “அம்மா, ஹைதராபாத் இன்சூரன்ஸ் மெயின் ஆபீஸ்ல இருந்து பேசறோம். உங்க பாலிசி நம்பர் இதுதானே?” நம்பர் சரியாக இருந்தது. பெயர், கணவர் பெயர், கட்டிய தொகை எல்லாம் சரி. “உங்க ஏஜென்ட் உங்களை ஏமாத்திட்டாரும்மா. உங்க பேர்ல 3 லட்சத்துக்கு மேல போனஸ் நிக்குது. அதை ரிலீஸ் பண்ணணும்னா ஒரு புது பாலிசி நடப்புல இருக்கணும்.” அதற்கு 40,000. அடுத்த முறை இன்னொரு குரல், இன்னொரு காரணம், 60,000. பிறகு 35,000. கடைசியாக ‘ஜிஎஸ்டி, டிடிஎஸ், ஃபைல் சார்ஜ்’ என்று 72,000. முதல் உறையோடு சேர்த்து மொத்தம் 2,57,000 ரூபாய். பிஎஃப் பணம் முடிந்து, தாலிச் சங்கிலியும் கடைக்குப் போயிருந்தது.

இதில் நீங்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. அந்த நான்கில் கடைசித் தொகை மட்டும்தான் யாரோ ஒருவரின் தனிக் கணக்குக்குப் போனது. மற்ற மூன்றும் அசல் பாலிசிகள்! அசல் நிறுவனங்கள், அசல் முத்திரை, அசல் ரசீது. அழைத்தவன் போனஸ் என்று பொய் சொல்லி விற்றான். அந்த விற்பனைக்கு முதல் வருடக் கமிஷன் எங்கோ ஒரு தரகர் கணக்கில் முறைப்படி ஏறியது. எது வரைக்கும் வியாபாரம், எங்கே தொடங்குகிறது மோசடி? அந்த மஞ்சள் பையை வைத்துக்கொண்டு கோடு போட்டுக் காட்டச் சொன்னால் என்னால் முடியாது.

பாலிசி கொடுப்பதற்கு முன் நிறுவனத்திலிருந்து சரிபார்க்கும் அழைப்பு ஒன்று வரும். நுகர்வோரைக் காப்பாற்றத்தான் அந்த ஏற்பாடு. “தவணை பத்து வருடம் என்பது தெரியுமா? போனஸ் தருவதாக யாராவது சொன்னார்களா?” என்று கேட்பார்கள். விற்றவன் அதற்கு முன்பே கூப்பிட்டுவிடுவான். “அம்மா, இன்னும் அஞ்சு நிமிஷத்துல கம்பெனில இருந்து பேசுவாங்க. எல்லாத்துக்கும் ஆமான்னு சொல்லுங்க. போனஸ் பத்திக் கேட்டா மட்டும் இல்லைன்னு சொல்லுங்க. மாத்திச் சொன்னீங்கன்னா ஃபைல் கேன்சலாயிடும்.” அந்த அம்மா அப்படியே சொன்னார். நாளைக்கு வழக்கு என்று வந்தால் நிறுவனம் முதலில் தூக்கிக்கொண்டு வருவது அந்த ஒலிப்பதிவைத்தான். காவலுக்குப் போட்ட நாய் திருடனுக்குச் சாட்சி சொன்ன கதை.

போலிக் குரலைத் திட்டுவது சுலபம். நான் இன்று சொல்ல வந்தது அந்தக் குரலுக்கு நிலத்தை உழுது கொடுத்தவர்களைப் பற்றி. படிக்காமல் கையெழுத்துப் போடு, புரியாவிட்டாலும் தலையாட்டு, சந்தேகம் கேட்டால் வரிசையில் நிற்கிறவர்களுக்கு இடைஞ்சல் என்று நம் மக்களைப் பழக்கியது நேர்மையான கண்ணாடி அறைகளில் நடந்த விற்பனை. அந்தப் பழக்கத்தைத்தான் மோசடிக்காரன் அறுவடை செய்கிறான். என்னிடம் வந்த இத்தகைய கேஸ்களில் பெரும்பாலானவர்கள் ஏற்கெனவே ஒரு காலாவதிப் பாலிசியில் பணத்தைத் தொலைத்தவர்கள். ‘போனதை மீட்டுத் தருகிறேன்’ என்ற சொல்லுக்கு, எதையும் இழக்காதவன் மசிய மாட்டான்.

கொஞ்சம் பின்னோக்கிப் போகிறேன். 1956இல் ஆயுள் காப்பீட்டை அரசுடைமையாக்கியபோது 245 நிறுவனங்களும் சங்கங்களும் எல்ஐசிக்குள் சேர்ந்தன. பாலிசிதாரர் பணத்தைச் சில முதலாளிகள் இஷ்டப்படி கையாண்டது அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. (அரசுக்கு வந்ததும் எல்லாம் சுத்தமாகிவிட்டதா என்றால், எல்ஐசி பணத்தை முந்த்ரா என்பவரின் நிறுவனங்களில் போட்ட விவகாரத்தில் நிதியமைச்சர் டி.டி.கிருஷ்ணமாச்சாரி 1958இல் பதவி விலக நேர்ந்ததை ஞாபகப்படுத்துகிறேன்.) ஆனாலும் அந்தக் காலத்து ஏஜென்ட் ஊர்க்காரர். பொன்னேரியிலோ ஊத்துக்கோட்டையிலோ வாத்தியார் வேலையோடு சேர்த்து பாலிசி பிடிப்பார். தப்பாகச் சொன்னால் சந்தைக்கு வரும்போது மடக்கிக் கேட்கலாம். 1999இல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையச் சட்டம் வந்தது, தனியார் வந்தார்கள், வங்கி மேசையே காப்பீட்டுக் கடையாயிற்று, பிறகு கைபேசி. திண்ணையில் உட்கார்ந்து விற்றவர் கவுன்டருக்குப் போனார், கவுன்டரில் இருந்தவர் வெறும் குரலானார். குரலை எந்தச் சந்தையில் போய் மடக்குவது?

இந்த இழப்பு எவ்வளவு என்று கணக்குப் பார்த்தவர்கள் உண்டு. மோனிகா ஹாலன், ரேணுகா சானே, சூசன் தாமஸ் மூவரும் 2013இல் வெளியிட்ட ஆய்வில், 2004-05 முதல் 2011-12 வரை தவறாக விற்கப்பட்ட ஆயுள் காப்பீட்டால் இந்தியர்கள் இழந்தது ஒன்றரை லட்சம் கோடி ரூபாய்க்கு மேல் என்று மதிப்பிட்டார்கள். இது சைபர் கொள்ளை இல்லை. உரிமம் பெற்ற, வரி கட்டிய, விளம்பரம் கொடுத்த வியாபாரத்தில் போன பணம். பிரிட்டனில் கடனோடு சேர்த்து வங்கிகள் தலையில் கட்டிய காப்பீடு தவறான விற்பனை என்று முடிவானபோது, வங்கிகள் வாடிக்கையாளர்களுக்குத் திருப்பிக் கொடுத்தது சுமார் 3,800 கோடி பவுண்டு. இங்கே யாரும் அப்படிக் கூப்பிட்டுக் கொடுக்கவில்லை. விதிகளைத் திருத்தினார்கள். திருத்தியது நல்லதுதான், போன பணம் போனதுதான்.

கடன் என்றதும் ஞாபகம் வருகிறது. இந்தப் பகுதியில் குழுக் கடன் வாங்காத தெரு இல்லை. கையில் கொடுக்கும்போது காப்பீடு என்று ஒரு தொகையைப் பிடித்துக்கொண்டுதான் கொடுக்கிறார்கள். அதற்கு ஏதாவது ரசீது இருக்கிறதா என்று கேட்டால் குழுத் தலைவி என்னைச் சந்தேகமாகப் பார்க்கிறார். கடன் தவிர மற்ற எதையும் கடன்தாரரின் முழுச் சம்மதத்தோடுதான் தர வேண்டும், அதற்கான கட்டணத்தைக் கடன் அட்டையிலேயே, அவருக்குப் புரிகிற மொழியில் எழுத வேண்டும் என்று 2022 முதல் ரிசர்வ் வங்கியின் நுண்கடன் விதிகள் சொல்கின்றன. அட்டையைத் திருப்பிப் பாருங்கள். எழுதியிருந்தால், கணவர் இறந்தால் யாரிடம் கேட்பது என்றும் கேளுங்கள். எழுதாவிட்டால் கட்டாயம் கேளுங்கள்.

இனி, இந்த சிப்காட் வாசலில் நின்றுகொண்டு சொல்லியே ஆக வேண்டிய ஒன்று. அந்த அம்மா இல்லாத போனஸுக்காக நான்கு தடவை பணம் கட்டினார். அவருக்கு நிஜமாகவே வர வேண்டிய காப்பீட்டுப் பணம் ஒன்று, யாரும் கேட்காமல் பிஎஃப் அலுவலகத்தில் கிடந்தது! 1976ஆம் ஆண்டின் தொழிலாளர் வைப்புநிதி இணைப்புக் காப்பீடு. பிஎஃப் பிடிக்கிற எந்தத் தொழிலாளிக்கும் அது உண்டு. தொழிலாளி ஒரு பைசா கட்ட வேண்டாம். முதலாளி சம்பளத்தில் அரை சதவீதம் கட்டுகிறார். பணியில் இருக்கும்போது இறந்தால் குடும்பத்துக்கு அதிகபட்சம் 7 லட்சம். ஓராண்டு தொடர்ந்து வேலை பார்த்திருந்தால் குறைந்தது 2.5 லட்சம். இவருடைய விண்ணப்பத்தில் பிஎஃப் கட்டம் நிரப்பப்பட்டிருந்தது, காப்பீட்டுக் கட்டம் காலியாக இருந்தது. நிரப்பிக் கொடுத்த கான்ட்ராக்டர் ஆபீஸ் பையனுக்கே அது தெரியாது. வேண்டுமென்றே செய்தான் என்று சொல்ல மாட்டேன். தெரியாத இரண்டு பேர் சேர்ந்து ஒரு குடும்பத்தின் பணத்தை மறந்துவிட்டார்கள், அவ்வளவுதான். பிறகு விண்ணப்பித்து வாங்கினோம்.

இஎஸ்ஐ இன்னொன்று. மாதச் சம்பளம் 21,000 வரை உள்ளவர்களிடம் 0.75 சதவீதம் பிடிக்கிறார்கள், முதலாளி 3.25 சதவீதம் சேர்க்கிறார். வேலை விபத்தில் தொழிலாளி இறந்தால் குடும்பத்துக்கு மாதாமாதம் உதவித்தொகை வர வேண்டும். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து உங்களோடு உலைக்கு முன்னால் நிற்கிறவர்களுக்கும் இது உண்டு. பக்கத்து மெஷின்காரரிடம் சொல்லுங்கள். கைஜாடையில் சொன்னால்கூடப் போதும். வங்கிப் புத்தகத்தில் வருடத்துக்கு 20 ரூபாய், 436 ரூபாய் என்று பிடித்திருக்கிறதா, அதையும் பாருங்கள். முதலாவது விபத்துக் காப்பீடு, அடுத்தது ஆயுள் காப்பீடு. தலா 2 லட்சம். எத்தனையோ வீடுகளில் கணக்கு வைத்திருந்தவரோடு அந்தத் தகவலும் எரிந்துபோகிறது.

சட்டம் கை கொடுக்குமா என்றால், நேரத்துக்குப் பிடித்தால் கொடுக்கும். பாலிசி கையில் கிடைத்து 30 நாளுக்குள் ‘வேண்டாம்’ என்று எழுதிக் கொடுத்தால், மருத்துவப் பரிசோதனைச் செலவு, முத்திரைக் கட்டணம், அதுவரைக்குமான பாதுகாப்புக்குரிய சிறு தொகை போக மீதியைத் திருப்பித் தர வேண்டும். முன்பு நேரில் வாங்கியதற்கு 15 நாள்தான். 2024இல் எல்லாவற்றுக்கும் 30 ஆக்கினார்கள். கூடவே ‘வாடிக்கையாளர் தகவல் தாள்’ என்று ஒன்று கொடுக்க வேண்டும். எதற்குப் பணம் வரும், எதற்கு வராது, எத்தனை மாதம் காத்திருக்க வேண்டும் என்பதெல்லாம் அதில் சுருக்கமாக இருக்கும். தமிழில் கேட்டால் தமிழில் தர வேண்டும். பத்து வருடமாகப் பாலிசி வைத்திருப்பவர்களில்கூட இதைக் கேட்ட ஒருவரை நான் இன்னும் சந்திக்கவில்லை.

படிவத்தில் பொய் ஏறுவது இன்னொரு விதத்திலும் நடக்கும். “சர்க்கரை இருக்குன்னு எழுதினா பிரீமியம் ஏறிடும், விடுங்க சார்” என்பார் விற்கிறவர். ஆஸ்பத்திரியில் படுக்கும்போது அதே நிறுவனம், “மறைத்துவிட்டீர்கள்” என்று கைவிரிக்கும். ஆயுள் காப்பீடு மூன்று வருடம் தாண்டிவிட்டால் 1938ஆம் ஆண்டுச் சட்டத்தின் 45ஆவது பிரிவு, 2015இல் திருத்தப்பட்ட வடிவத்தில், எந்தக் காரணத்துக்காகவும் அதைக் கேள்வி கேட்க விடாது. மருத்துவக் காப்பீட்டில் 60 மாதம் தொடர்ந்து கட்டியிருந்தால், மோசடி என்று நிரூபித்தால் ஒழிய, ‘மறைத்தாய்’ என்ற பேச்சு எடுபடாது. அதற்குள் என்றால் போராட வேண்டும். ஆகவே சர்க்கரை இருந்தால் இருக்கிறது என்றே எழுதுங்கள். உங்கள் கையால் எழுதுங்கள்.

நிபந்தனையே நியாயமில்லாமல் இருந்தால்? 1995இல் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. எல்ஐசியின் ஒரு குறிப்பிட்ட பாலிசியை அரசு ஊழியருக்கும் பெயர்பெற்ற நிறுவனங்களின் ஊழியருக்கும் மட்டும் என்று வைத்திருந்தார்கள். அகமதாபாத்தின் நுகர்வோர் கல்வி மற்றும் ஆராய்ச்சி மையம் வழக்குப் போட்டது. அந்த நிபந்தனை செல்லாது என்றது நீதிமன்றம். காப்பீட்டு நிபந்தனைகள் நியாயமாக இருக்க வேண்டும் என்ற வாதத்துக்கு அன்றைக்கு விழுந்தது அஸ்திவாரம். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் ‘நியாயமற்ற ஒப்பந்தம்’ என்றே ஒரு விளக்கம் ஏறியிருக்கிறது.

அந்த அம்மாவின் விஷயத்தில் முதலில் நிறுவனங்களுக்கு எழுதினோம். ஒரு மாதம் காத்திருந்தோம். பிறகு தேனாம்பேட்டையில் இருக்கும் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போனோம். கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை. 50 லட்சம் வரை உத்தரவிடலாம். உத்தரவு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும், உங்களுக்குத் திருப்தியில்லாவிட்டால் நீங்கள் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். விசாரணையில் அந்த விண்ணப்பப் படிவத்தை நீட்டினேன். ‘பட்டதாரி’ என்ற சொல்லையும் கட்டத்தைத் தாண்டி நின்ற அந்தக் கடைசி எழுத்தையும் பார்த்ததற்கப்புறம் அதிகம் பேச வேண்டியிருக்கவில்லை. வங்கி விற்ற பாலிசியும் மற்ற இரண்டும் ரத்தாகிப் பணம் திரும்பியது. ஒன்று கிடைக்கவில்லை. அந்தப் பாலிசியில் ‘ஆமாம்’ ஒலிப்பதிவு அவ்வளவு தெளிவாக இருந்தது.

72,000? அது போனதுதான். பணம் அனுப்பிப் பதினோரு நாள் கழித்துத்தான் மகனிடமே சொன்னார். பயம். இணைய மோசடிப் புகார் எண்ணான 1930க்குப் பேசியபோது அந்தக் கணக்கில் துடைத்து வைத்தது போல் ஒன்றுமில்லை. 1930 என்ற எண்ணை எல்லோரும் சுவரில் எழுதியிருக்கிறோம். அது ஏன் அவசரம் என்பதை யாரும் எழுதவில்லை. பணம் முதல் கணக்கிலிருந்து இரண்டாவது, மூன்றாவது என்று தாவிக்கொண்டே இருக்கும். தாவி முடிவதற்குள் சொன்னால் போகிற வழியில் நிறுத்திவைக்கலாம். பிறகு நீதிமன்ற உத்தரவு வாங்கித் திரும்பப் பெறலாம். மணிக்கணக்குதான், நாள்கணக்கு கிடையாது. ஆகவே வீட்டில் ஏமாந்தவரைத் திட்டாதீர்கள். திட்டுவார்கள் என்ற பயம்தான் அந்தப் பதினோரு நாள்.

அந்த முதல் கணக்கு யாருடையது? பெரும்பாலும் உங்களைப் போன்ற ஒருவருடையது. “ஏடிஎம் கார்டும் சிம்மும் குடு, மாசம் இரண்டாயிரம் தர்றேன்” என்று டீக்கடையில் கேட்டால் கொடுத்துவிடுகிறார்கள். கொடுத்தவர் வீட்டுக்குத்தான் முதலில் போலீஸ் வரும். மாணவர்கள் இதைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டும்.

விவரங்கள் எப்படி அவனுக்குத் தெரிந்தன என்று அந்த அம்மா கேட்டார். நல்ல கேள்வி. 2024 செப்டம்பரில், சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸ்டார் ஹெல்த் நிறுவனத்தின் வாடிக்கையாளர் விவரங்கள் டெலிகிராம் செயலியில் கசிந்து கிடப்பதை ராய்ட்டர்ஸ் வெளியிட்டது. நிறுவனம் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போக வேண்டியிருந்தது. அவ்வளவு பெரிய திருட்டு நடக்க வேண்டும் என்றுகூட இல்லை. நாம் செராக்ஸ் கடையில் விட்டுவந்த பாலிசி நகலே போதும். பாலிசி எண் சரியாகச் சொல்கிறான் என்பது அவன் நிறுவனத்து ஆள் என்பதற்குச் சாட்சி ஆகாது. ஹைதராபாத்தில் இருக்கும் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் பாலிசி விற்பதில்லை, போனஸ் அறிவிப்பதில்லை, யாரையும் கூப்பிடுவதும் இல்லை. தனிநபர் ஆயுள், மருத்துவக் காப்பீட்டுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டியே கிடையாது. கட்டச் சொல்லிக் கேட்கிற குரல் பொய்க் குரல்.

நல்ல ஏற்பாடுகள் வராமல் இல்லை. சேவை அழைப்புக்கு 1600, விளம்பரத்துக்கு 140 என்று தொடங்கும் எண்களைப் பிரித்திருக்கிறார்கள். 2024 கடைசியில் தொடங்கிப் பல மாதம் நாம் யாரைக் கூப்பிட்டாலும் முதலில் ஓர் எச்சரிக்கைக் குரல் பேசியது. ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டவரும் அதைக் கேட்டுத்தான் ஆக வேண்டியிருந்தது என்று புகார் எழுந்தது. பிறகு நிறுத்தினார்கள். இவற்றுக்கெல்லாம் பின்னால் ஒரே எண்ணம்தான் தெரிகிறது: ஏமாறாமல் இருப்பது உன் பொறுப்பு. பிரிட்டனில் 2024 அக்டோபர் 7 முதல், ஏமாந்து பணம் அனுப்பியவருக்கு 85,000 பவுண்டு வரை வங்கிகள் திருப்பிக் கொடுக்க வேண்டும். அனுப்பிய வங்கி பாதி, வாங்கிய வங்கி பாதி. தன் பணம் போகும் என்றால்தான் வங்கி போலிக் கணக்கைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுத் தேடும். அதே நியாயம் காப்பீட்டு விற்பனைக்கும் பொருந்தும். முதல் வருடத்திலேயே காலாவதியாகிற பாலிசிக்கு விற்றவரின் கமிஷனைத் திரும்பப் பிடித்துக் கட்டியவரிடம் கொடுத்தால், எட்டு லட்சம் வருமானம் என்று எழுதுகிற பேனா தானாக நிற்கும். இந்த மேடையிலிருந்து நான் அரசுக்கு வைக்கும் கோரிக்கை இது ஒன்றுதான்.

குறைதீர்ப்பாளருக்கு அடுத்து நீங்கள் போகக்கூடிய மாவட்ட நுகர்வோர் ஆணையம் திருவள்ளூரில் இருக்கிறது. நம் மாவட்டம் 1997இல் பிறந்தபோதே இரண்டு ரயில் பாதைகளுக்கு நடுவே பிறந்துவிட்டது. கும்மிடிப்பூண்டிக்காரர் ரயிலில் மாவட்டத் தலைநகருக்குப் போக வேண்டுமானால் சென்னை வரை போய் வண்டி மாற வேண்டும். பெரியபாளையம் வழியாகப் பஸ்ஸில் போனாலும் ஒரு நாள் சம்பளம் போச்சு. இணையத்திலேயே புகார் பதியலாம், காணொளியில் விசாரணை கேட்கலாம் என்று சட்டத்தில் இடமிருக்கிறது. 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது. இரண்டு வருடத்துக்குள் பதிய வேண்டும்.

பேசி முடித்துவிட்டேன். பாலிசியோடு வந்திருப்பவர்கள் கொஞ்சம் இருங்கள். அழைப்பிதழில் கொண்டுவரச் சொல்லிப் போட்டதற்கு நான்கைந்து பைகள் தெரிகின்றன, மஞ்சள் பையும் ஒன்று. வெளியே வராந்தாவில் மேசை போட்டிருக்கிறார்கள். நான் போக வேண்டிய ரயிலுக்கு இன்னும் நேரம் இருக்கிறது.